விரிசல் விட்ட பீங்கான் பூந்தொட்டியைச் சரிசெய்தல்: படிப்படியான முழு வழிகாட்டி

ஒட்டிய பூந்தொட்டி மூன்றே மாதத்தில் அதே கோட்டில் மறுபடியும் பிளந்துவிட்டால், பெரும்பாலோர் பசையைத்தான் குறை சொல்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்சிப் பசையே ஒரு பூந்தொட்டிக்குப் போதுமான வலுவுடையது. தொட்டியின் சுவருக்குள் தங்கிவிட்ட ஈரமும் உப்பும், ஒட்டிய பிறகு உள்ளேயிருந்து ஊறிவரும் தண்ணீருமே ஒட்டைப் பிரிக்கின்றன. ஆகவே இந்த வேலையில் எதை எதற்கு முன் செய்கிறோம் என்பதே முக்கியம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. தொட்டியையும் விரிசலையும் இனம் காணுதல்

முதலில் தொட்டியைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடிப்பாகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் உறிஞ்சிக்கொண்டால் அது குறைந்த சூட்டில் சுட்ட மண் வகை. சொட்டு அப்படியே நின்றால் உயர்ந்த சூட்டில் சுட்ட கெட்டியான வகை. முதல் வகை ஏறக்குறைய 900 முதல் 1000 டிகிரி செல்சியஸிலும், இரண்டாவது 1200 டிகிரிக்கு மேலும் சுடப்படுவது. வெளியே பளபளப்பான பூச்சு இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பளபளக்கும் தொட்டிகள் பலவற்றின் உடம்பு சாதாரணச் சுடுமண்தான். உலர்த்தும் நாள் கணக்கு இதைப் பொறுத்தே மாறும்.

அடுத்து விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் விரிசல் பூச்சோடு நின்றிருக்கிறது. மேற்பூச்சில் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. டொக்கென்று செத்த ஓசை வந்தால் விரிசல் சுவரைக் கடந்துவிட்டது என்று பொருள்.

வாய் விளிம்பிலிருந்து கீழிறங்கும் விரிசலும், இரண்டு மூன்று துண்டுகளாக உடைந்த வாயும் நன்றாகச் சரியாகும். அடியைச் சுற்றி வளையமாக ஓடும் விரிசல் அப்படியன்று. தொட்டியைத் தூக்கும்போது மண்ணின் எடை முழுவதும் அந்த வளையத்தில்தான் இறங்கும். அத்தகைய தொட்டியை ஒட்டினாலும் அதில் மண் நிரப்பாமல், பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை உள்ளே வைத்து வெளி உறையாக மட்டும் பயன்படுத்துங்கள். தொங்கவிடும் தொட்டியையும், ஆள் நடமாடும் இடத்துக்கு மேலே கைப்பிடிச் சுவரில் வைக்கும் தொட்டியையும் ஒட்டிப் பயன்படுத்தவே கூடாது. தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

கீரை, புதினா போன்று சாப்பிடும் செடிகளுக்கு என்றால், ஒட்டிய தொட்டிக்குள் ஒரு வளர்ப்புப் பையை வைத்து அதில் நடுவது நல்லது. தோட்ட வேலைக்கான பசைகள் உணவுக்கென்று சோதிக்கப்பட்டவை அல்ல.

2. காலமும் சாமானும்

கொங்கு நாட்டில் இந்த வேலைக்கு உகந்த காலம் மாசியும் பங்குனியும். வெயிலும் உண்டு, காற்றில் ஈரமும் குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியின் சுவர் உலரவே உலராது. அப்போது உடைந்தால் துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி வைத்துவிட்டுக் காத்திருங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மொட்டை மாடித் தொட்டிகளை உருட்டிவிடுவது நமக்குத் தெரிந்ததுதான். ஆடியில் உடைந்ததை உடனே ஒட்ட முனைபவர்கள், பசை இறுகும் நேரத்தில் அதே காற்றும் புழுதியும் ஒட்டைக் கெடுத்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மூடிய அறை இருந்தால் மட்டும் ஆடியில் தொடங்கலாம்.

தேவையானவற்றை முன்கூட்டியே வாங்கி ஓரிடத்தில் வையுங்கள். பசையைக் கலந்த பிறகு எதையும் தேடிப் போக முடியாது. பிசின், இறுக்கி என்று இரு குழாய்களாக வரும் எபாக்சி வேண்டும். மெதுவாக இறுகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை, துண்டுகளைச் சரியாகப் பொருத்துவதற்குள் கெட்டியாகிவிடும். ஈரத்தையும் அவ்வளவாகத் தாங்காது. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை நொறுங்கும் தன்மையுடையது, இடைவெளியையும் நிரப்பாது. மரத்துக்கான வெள்ளைப் பசை தண்ணீரில் இளகிவிடும்.

இவற்றோடு ஆக்சா பிளேடு ஒன்று, 80, 120 எண் உப்புத்தாள், பழைய பல் துலக்கி, மாஸ்கிங் டேப், துடைக்கும் ஸ்பிரிட், குச்சி ஐஸ் குச்சிகள், ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), கண்ணாடி இழைத் துணி, கையுறை, முகமூடி ஆகியவை வேண்டும். துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் துணித் துண்டுகள், மிகவும் ஏற்றது. சாயம் ஏறாத வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஸ்பிரிட் பட்டால் சாயம் இறங்கித் தொட்டியில் ஏறும். இறுக்கிக் கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகல நாடாக்களாக வெட்டி வையுங்கள். கயிறு கட்டிய அளவிலேயே நிற்கும், டியூப் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பசை இறுகும்போது ஒட்டுக்கு வேண்டியது அந்த இடைவிடாத இழுப்புத்தான்.

3. செடியை வெளியே எடுத்தல்

செடியை எடுப்பதற்கு முன்பே டியூப் நாடாவால் தொட்டியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். பலர் இதைச் செய்யாமல் செடியை ஆட்டி இழுக்கிறார்கள். வேர்க்கட்டு நெம்பியதும் கையளவு இருந்த விரிசல் அடிவரை ஓடிவிடுகிறது.

முந்தைய நாள் தண்ணீர் விடாதீர்கள். மண் சற்று உலர்ந்திருந்தால் சுவரைவிட்டு விலகி வரும். மாலை வேளையில், நீண்ட கத்தியைச் சுவரை ஒட்டிச் சுற்றிலும் இறக்கி, தொட்டியைப் படுக்க வைத்து உருட்டினால் வேர்க்கட்டு முழுதாக நழுவி வரும். அதை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் தற்காலிகப் பைக்கு மாற்றுங்கள். செடி அங்கே சில வாரம் இருக்க வேண்டும் என்பதால் பை சிறியதாக இருக்கக் கூடாது.

வெளியே வந்த மண்ணையும் பாருங்கள். சூலூர், பல்லடம் பக்கத்துக் கரிசல் மண்ணை அப்படியே நிரப்பியிருந்தால், விரிசலுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ச்சலில் சுருங்கும்; நனைந்து உப்பும் ஒவ்வொரு முறையும் சுவரை வெளியே நெட்டித் தள்ளும். அந்த மண்ணை மறுபடியும் அதே தொட்டிக்குள் போடக் கூடாது.

4. கழுவி உப்பை எடுத்தல்

தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது போர்த் தண்ணீரின் உப்பு. நம் பக்கத்துப் பாறை நிலத்தில் பெரும்பாலான ஆழ்துளைக் கிணறுகளில் வருவது கடின நீர்தான். அந்த உப்பு சுவரின் நுண்துளைகளுக்குள் படிகமாகும்போது மண்ணைத் துகள் துகளாக உதிர்க்கும். உப்பின்மேல் பூசிய பசை உப்போடு சேர்ந்தே உதிர்ந்து வரும்.

துண்டுகளைத் துலக்கித் தேய்த்துக் கழுவிய பிறகு, நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊற வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். போர்த் தண்ணீரிலேயே ஊற வைத்தால் எடுத்த உப்பை மறுபடியும் ஏற்றியதாகிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இதற்கு மிகவும் நல்லது. ஓரங்களில் சுண்ணாம்பாகப் பிடித்திருப்பதை நீர் கலந்த வினிகரால் தேய்த்து, பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

5. ஈரமாக இருக்கும்போதே அறுப்பையும் துளையையும் முடித்தல்

அறுக்கும் வேலையைப் பலர் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். அப்போது தூசி விரிசலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். உலர்ந்த சுடுமண் தூசி நுரையீரலுக்கும் கேடு. ஊறிய தொட்டியில் அறுத்தால் தூசி பறக்காது, பிறகு அலசியும் விடலாம்.

பிரியாமல் கோடாக நிற்கும் விரிசலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது அதன் நுனியை அறிதல். கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு விரிசல் முடிவதில்லை. மேற்பரப்பைத் துடைத்துவிட்டுச் சிறிது நேரம் பாருங்கள்: சுவர் வெளிறும்போது விரிசல் மட்டும் கருங்கோடாக ஈரத்தோடு நிற்கும், அந்தக் கோடு நீங்கள் நினைத்ததைவிட இரண்டு மூன்று விரற்கடை தூரம் தள்ளி முடியும். அங்கே பென்சிலால் புள்ளி வைத்து, அதற்கு அரை சென்டிமீட்டர் தள்ளி 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். கூர்மையான நுனியில் குவியும் அழுத்தம் வட்டத் துளையில் பரவிவிடுவதால் விரிசல் மேலும் ஓடாது. சுடுமண்ணுக்குச் சுவரில் துளையிடும் பிட் போதும்; ஆனால் டிரில்லில் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிடுங்கள். கெட்டியான வகைக்கும் பளபளப்புப் பூச்சுக்கும் டைல் பிட் பொருத்தி, தண்ணீர் சொட்ட விட்டபடி மெதுவாகத் துளையிட வேண்டும். இந்த வேலைக்கு மின்கம்பி இல்லாத பேட்டரி டிரில்லே பாதுகாப்பானது.

இரண்டாவது, விரிசலின் உள்பக்கத்தை மட்டும் ஆக்சா பிளேடால் ஆங்கில ‘வி’ வடிவில், சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குத் திறத்தல். பசை தங்குவதற்கு இடம் கிடைக்கும், வெளித்தோற்றமும் கெடாது.

முழுதாகப் பிரிந்துவிட்ட துண்டுகளின் உடைந்த முகத்தை அறுக்கவும் கூடாது, உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது. அந்தச் சொரசொரப்பில் உள்ள மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று கவ்வுவதால்தான் துண்டு தன் இடத்தில் சரியாக உட்காருகிறது. புதிதாகச் செய்பவர்கள் சுத்தம் செய்வதாக நினைத்து அதை வழித்துவிடுகிறார்கள். பிறகு எந்தத் துண்டும் பொருந்துவதில்லை.

6. உலர்த்தல்

பொறுமை குறைந்து பலர் தாவிவிடும் படி இது. மேலே தொட்டுப் பார்த்தால் ஒரே நாளில் காய்ந்ததுபோல் இருக்கும், சுவரின் நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். பசை பூசியதும் அந்த ஈரம் வெளியேற வழி தேடிப் பசைக்கும் மண்ணுக்கும் இடையில் வந்து படியும். பசை பார்வைக்கு நன்றாக இறுகியிருந்தாலும் மண்ணோடு பிடித்திருக்காது.

தொட்டியை இரண்டு செங்கல்மேல் கவிழ்த்து வையுங்கள். கீழிருந்து காற்று உள்ளே போக வேண்டும். பங்குனி வெயிலில் ஓர் அங்குலக் கனமுள்ள சுடுமண்ணுக்கு ஒரு வாரம் ஆகும். வெளியே பளபளப்புப் பூச்சு உள்ள சுடுமண்ணில் ஈரம் உள்பக்கம் வழியாக மட்டுமே வெளியேற முடியும் என்பதால் அதற்கு இரண்டு வாரம் விடுங்கள். கெட்டியான வகைக்கு இரண்டு நாளே போதும். இரவில் கூரைக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.

உலர்ந்துவிட்டதா என்று அறிய உள்ளங்கையளவு கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளைச் சுவரின் உள்பக்கத்தில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் அடைத்துக் காலை வெயிலில் வையுங்கள். உச்சி வேளையில் தாளின் உட்புறம் பனித்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, வறண்டிருந்தால் ஒட்டலாம். சமையலறைத் தராசு இருந்தால், ஒரு துண்டைத் தினமும் நிறுத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. அடுத்தடுத்து இரண்டு நாள் எடை மாறாமல் இருந்தால் உலர்த்தும் வேலை முடிந்தது.

7. பசையில்லாமல் ஒரு முறை அடுக்கிப் பார்த்தல்

எல்லாத் துண்டுகளையும் பசையில்லாமல் டேப் மட்டும் ஒட்டி அடுக்கிப் பாருங்கள். அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் பென்சிலால் எண் போடுங்கள். சில வேளை முந்தைய துண்டு அடைத்துக்கொண்டு கடைசித் துண்டு உள்ளே நுழையாது. பசையைக் கலந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நுழையவில்லை என்றால் வரிசையை மாற்றிப் பார்த்து, மாற்றிய வரிசைப்படி எண்ணைத் திருத்துங்கள்.

சிறு துண்டுகள் பல இருந்தால், ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒட்ட முயலாதீர்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து இறுகவிட்டு, மறுநாள் அவற்றைத் தொட்டியில் சேர்க்கலாம்.

8. பசை கலந்து ஒட்டுதல்

மாலை நான்கு, ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். பகலெல்லாம் வெயிலில் இருந்த தொட்டியை நிழலுக்குக் கொண்டுவந்ததும் அது மெல்லக் குளிரத் தொடங்கும். சூட்டில் பசை இளகி ஓடும். சுவர் குளிரும்போது நுண்துளைகளில் உள்ள காற்று சுருங்கிப் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் ஒட்டினால் இதற்கு நேர்மாறாக, சூடேறி விரியும் காற்று பசையைக் குமிழியாக வெளியே தள்ளும். மயிரிழை விரிசலுக்குள் பசை இறங்க வேண்டுமானால் மாலை வேளையை விட்டால் வேறு நேரமில்லை.

ஒட்டும் முகங்களை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஓடு ஒன்றின்மேல் இரு குழாய்களிலிருந்தும் சமநீளக் கோடுகளாகப் பிதுக்கி, குச்சியால் ஓரங்களை வழித்து வழித்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கலக்க வேண்டும். பாதி கலந்த பசை எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூடுதலாகச் சேர்ப்பவர்கள் உண்டு. அதனால் வேகம் கூடாது; மிஞ்சிய இறுக்கி ஒட்டை மென்மையாக்கிவிடும். மொத்தமாகக் கலந்த பசை தன் சூட்டிலேயே விரைந்து கெட்டியாகும் என்பதால், ஈரோடு, கரூர் வெயிலில் ஒரு துண்டுக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

கலந்த பசையை இரு முகங்களிலும் மெல்லிசாகப் பூசுங்கள். கெட்டியாகப் பூசினால் துண்டு தன் இடத்தில் உட்காராமல் மிதக்கும். அழுத்தியதும் கோடு நெடுகிலும் கடுகளவு முத்துகளாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தை ஒட்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு நகத்தில் தட்டும். தட்டினால் உடனே நகர்த்துங்கள். தாள் கனம் பிசகினாலும் அடுத்த துண்டில் அது இரட்டிப்பாகும்.

மாஸ்கிங் டேப்பைக் கோட்டுக்குக் குறுக்காக ஒட்டி, டியூப் நாடாவால் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு முறுக்கக் கூடாது. ஒட்டிய துண்டு தன் எடையாலேயே ஒட்டின்மேல் அமரும்படி, எம்-சாண்ட் நிரப்பிய சாந்துச் சட்டியில் தொட்டியைச் சாய்த்துப் புதைத்து வைப்பது நல்ல முறை. வெளியே பிதுங்கியதை ஸ்பிரிட் துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள்.

‘வி’ வடிவில் திறந்த விரிசலுக்கும், சில்லு பெயர்ந்த இடத்துக்கும், துணியில் சலித்த செங்கல் தூளைப் பசையோடு சேர்த்து நிரப்புங்கள். பிசினும் இறுக்கியும் முழுதாகக் கலந்த பிறகே தூளைச் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் இரண்டும் சரியாகக் கலந்தனவா என்பது தெரியாது.

ஒரு முழு நாள் தொடாதீர்கள்.

9. உள்பட்டையும் கம்பி வளையமும்

ஒட்டு மட்டும் இருந்தால் காலித் தொட்டி நிற்கும். மண்ணும் தண்ணீரும் நிறைந்த தொட்டி சுவரை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும் என்பதால் அதற்குப் பட்டை வேண்டும். ஒட்டின் உள்பக்கத்தை இருபுறமும் இரண்டு அங்குல அகலத்துக்கு 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். உள்ளேயும் பளபளப்புப் பூச்சு இருந்தால் அதன் மினுமினுப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்தபின் பசை பூசி, கண்ணாடி இழைத் துணியை ஒட்டின்மேல் நெடுக வைத்து, இழை ஊடுருவித் தெரியும் வரை மேலும் பசையைத் தடவுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் பசை இறங்கவில்லை.

அந்தப் பசை ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மணலை அதன்மேல் தூவிவிடுங்கள். இறுகிய எபாக்சி வழவழப்பானது. அடுத்து வரும் சிமெண்டுப் பூச்சு பிடித்துக்கொள்ள இந்த மணல்தான் துணை.

வாயில் விரிசல் தொடங்கிய தொட்டிக்கு விளிம்புக்குக் கீழே ஜி.ஐ. கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, குறடால் முறுக்கி இறுக்குங்கள். தோட்டத்தில் புடலை, பாகல் பந்தல் போட்டு மிஞ்சிய கம்பியே போதும். சாதாரணக் கட்டுக்கம்பி துருப்பிடித்துத் தொட்டியில் கறை இறக்கும்.

10. உள்பூச்சு

சுடுமண் தொட்டியின் ஒட்டு நீடிக்க வேண்டுமானால், ஈரம் சுவருக்குள் ஊறாமல் உள்பக்கத்திலேயே தடுக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் மட்டும் வார்னிஷோ பெயிண்டோ பூசுவது பயன் தராது; உள்ளிருந்து வரும் நீர் அந்தப் பூச்சின் பின்னால் தேங்கி, உப்போடு சேர்ந்து அதைக் கொப்புளமாகக் கிளப்பும்.

தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பூசும், பொடியும் பால்போன்ற திரவமும் சேர்ந்து வரும் இரு பகுதி வாட்டர்ப்ரூஃப் பூச்சை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பூச்சை நெடுக்காகவும், அது காய்ந்தபின் இரண்டாவதைக் குறுக்காகவும் பூசுங்கள். வெறும் சிமெண்டுப் பால் சுருங்கி வெடித்து உரிந்துவிடும். எபாக்சிக்கு உலர்ந்த சுவர் வேண்டும், சிமெண்டுக்கு ஈரம் வேண்டும். அதனால் எபாக்சி வேலை எல்லாம் முடிந்து இறுகிய பிறகே இதைத் தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் முன்பின்னாகச் செய்து கெடுத்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடித்துளையை மூடிவிடாமல் கவனமாகப் பூசுங்கள். உள்பூச்சுப் பூசிய தொட்டியின் சுவர் இனி நீரை வெளியே விடாது. மிஞ்சும் தண்ணீர் அந்தத் துளை வழியாகவே போயாக வேண்டும். சுண்டு விரல் நுழையாத துளையாக இருந்தால் பெரிதாக்குங்கள்.

11. நீர்ச் சோதனையும் வெளிப்புறமும்

பூச்சுப் பொட்டலத்தில் எழுதியுள்ள நாள் கணக்கு முடிந்ததும், துளையைத் துணியால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து ஒரு நாள் விடுங்கள். மட்டம் வெகுவாக இறங்கினாலோ, வெளியே ஒட்டுக்கோடு கறுத்தாலோ அந்த இடத்தில் உள்பூச்சு விட்டிருக்கிறது. உலர்த்தி மறுபடியும் பூசுங்கள். அதே தண்ணீரைக் கொட்டி, மூன்று நான்கு நாள் புதுத் தண்ணீர் மாற்றிவிட்டால் சிமெண்டின் காரமும் இறங்கிவிடும். இதைச் செய்யாமல் நட்டால் இலைகள் மஞ்சளாகும்.

வெளியே தெரியும் எபாக்சிக் கோடு வெயில் பட்டுப் பழுத்துப் பொடியாகும். அதன்மேல் வெளிச்சுவர் எமல்ஷனைச் செங்கல் நிறத்திலோ, தொட்டியின் நிறத்திலோ மெல்லிய தூரிகையால் இழுத்துவிடுவது போதும்.

12. மறுபடியும் நடுதல்

செம்மண், தொழு உரம், பொள்ளாச்சிப் பக்கம் எளிதில் கிடைக்கும் தேங்காய் நார்த்தூள் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்தால் எடையும் குறையும், சுவரை நெட்டவும் செய்யாது. நார்த்தூளை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுச் சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். துளைமேல் ஒரு துண்டுக் கொசுவலையை வைத்து, கலவையைக் குத்தி இறுக்காமல் நிரப்பி, விளிம்புக்குக் கீழ் இரண்டு அங்குலம் விடுங்கள்.

அரளி, போகன்வில்லா போன்று வேர் தடித்துப் பெருக்கும் செடிகளை ஒட்டிய தொட்டியில் நடாதீர்கள். பழைய செடி அந்த வகையாக இருந்தால் அதை நிலத்துக்கோ பெரிய தொட்டிக்கோ மாற்றிவிட்டு, இதற்குத் திருநீற்றுப் பச்சை, ஓமவல்லி போன்ற சிறு வேர்ச் செடிகளைத் தேர்ந்தெடுங்கள்; அவற்றைச் சாப்பிடுவதாக இருந்தால் முன்பு சொன்ன வளர்ப்புப் பையில் நடுங்கள்.

ஒட்டிய பக்கம் மேற்கு வெயிலைப் பார்க்காதபடி திருப்பி, மூன்று ஓட்டுத் துண்டுகள்மேல் சற்று உயர்த்தி வையுங்கள். கோடை மதியத்தில் சுடும் தொட்டிமேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சுருங்கினால் விரிசல் விழும். இடம் மாற்றும்போது விளிம்பைப் பிடிக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். ஆடி பிறப்பதற்கு முன் இந்தத் தொட்டியை மாடியிலிருந்து தரைக்கு இறக்கிவிடுங்கள், அல்லது சுவரோரமாகக் கனமான இரண்டு தொட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கம்பி வளையம் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் குறடால் ஒரு முறுக்கு முறுக்கினால் போதும்.